ஊராட்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கிராமசபையில் தொடங்குங்கள்

தேர்தலில் நிற்க வேண்டும் என்ற ஆசையோடு பேச வருகிற இளைஞர்களிடமும் மகளிர் குழுப் பெண்களிடமும் நான் முதலில் கேட்பது, "உங்கள் ஊர்க் கிராமசபைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?" என்பதுதான். பலர் ஒருமுறைகூடப் போனதில்லை. வேட்புமனு எப்படி நிரப்புவது, எவ்வளவு செலவாகும், என்ன சின்னம் கிடைக்கும் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் தேவைதான், கீழே சொல்கிறேன். ஆனால் ஊராட்சிக் கணக்கை ஒருநாளும் பார்க்காமல் தலைவராகிறவர், பதவியேற்ற மறுவாரமே மற்றவர்கள் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுகிறவராக ஆகிவிடுகிறார். முதலில் சபையில் பேசப் பழக வேண்டும், கணக்குப் பார்க்கப் பழக வேண்டும். பதவி அப்புறம்.

இது தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளைப் பற்றிய வழிகாட்டி. வீட்டில் யாரும் பிரசிடெண்டாகவோ மெம்பராகவோ இருந்ததில்லை, கட்சிப் பின்னணி கிடையாது, வீடு காலனியிலோ ஊரை விட்டுத் தள்ளிய குடியிருப்பிலோ இருக்கிறது, அல்லது வெளியூர் வேலையை விட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அந்த ஊராட்சிகள் அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் போயின. 2016க்கும் 2019க்கும் இடையிலும் இப்படித்தான், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாமல் ஊராட்சிகள் ஓடின. தலைவரும் உறுப்பினரும் இல்லாத நாட்களில் ஊர்க்காரர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கச் சட்டம் கொடுத்திருக்கிற இடம் கிராமசபை ஒன்றுதான். ஆகவே "தேர்தல் வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எது ஊராட்சியின் வேலை

பட்டா மாறவில்லை, ரேஷன் கடையில் அரிசி சரியில்லை, முதியோர் பென்ஷன் வரவில்லை என்று ஊராட்சித் தலைவரிடம் சண்டை போட்டு ஓய்ந்துபோனவர்களை நிறையப் பார்க்கலாம். இவை எதுவும் ஊராட்சியின் கையில் இல்லை. பட்டாவும் பென்ஷனும் வருவாய்த்துறை, அதாவது வி.ஏ.ஓ., தாசில்தார் பக்கம். ரேஷன் வேறு துறை. கிராமசபையில் இவற்றைப் பேசலாம், தீர்மானம்கூடப் போடலாம்; ஆனால் செய்து முடிக்க வேண்டியவர் வேறொருவர் என்று தெரிந்து பேச வேண்டும்.

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு, பொதுக் கழிப்பிடம் ஆகியவை நேரடியாக ஊராட்சியின் பொறுப்பு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் வசூலிப்பதும் அதுதான். சாலையிலும் ஏரியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே ஊருக்குள் ஒரு சாலை ஊராட்சியுடையதாக இருக்கும், இன்னொன்று ஒன்றியத்துடையது, மூன்றாவது நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரிகளில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும், பெரியவை நீர்வளத் துறையிடம். உங்கள் தெருச் சாலை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாததால் ஆண்டுக்கணக்காகத் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் உண்டு.

அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னால் கீழே கிராம ஊராட்சி, நடுவில் ஊராட்சி ஒன்றியம், மேலே மாவட்ட ஊராட்சி. மொத்தம் மூன்றடுக்கு. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்ததுதான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இந்தச் சட்டத்தின்படிதான் நடக்கின்றன. அன்றாடம் நீங்கள் பார்க்கப்போகிற ஆட்கள் ஊராட்சிச் செயலர் (ஊரில் இன்னும் 'கிளர்க்' என்றுதான் சொல்வார்கள்), யூனியன் ஆபீசில் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ., அப்புறம் வேலைகளை அளந்து பார்க்கிற ஓவர்சியர். பி.டி.ஓ. இரண்டு பேர் இருப்பார்கள். கிராம ஊராட்சிகளைக் கவனிப்பவர் தனி என்பதை நினைவில் வையுங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். புகார் கடைசியில் போய் நிற்கிற இடம் அது.

கிராமசபையில் பேசுவது

குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று ஆண்டுக்கு நான்காக இருந்த கிராமசபை, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாகியிருக்கிறது. சில நேரம் தேதி தள்ளிப்போகும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினர். யாரும் அழைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், முப்பது பேரை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பிறகு நோட்டை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிற பழக்கத்தைத் தட்டிக் கேட்கலாம்.

முதல் கூட்டத்தில் பேச வேண்டாம், கவனித்தால் போதும். யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் மரத்தடியில் நிற்கிறார்கள், பெண்களில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள், பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பி வந்த அலுவலர் எதைக் குறிக்கிறார், எதைக் குறிக்காமல் தலையாட்டுகிறார் என்று பாருங்கள். கூட்டப்பொருள் பட்டியலில் வரவு செலவும் திட்டப் பணிகளும் மேலே இருக்கும். ஊர்க்காரர்கள் கொண்டுவருகிற பிரச்சினைகள் 'இதர பொருட்கள்' என்று கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். புதியவர்களின் குரல் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் உங்கள் தெரு விஷயத்தைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துக் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். குறைந்தது ஏழு நாள் முன்பு கிராமசபைக்கு அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே மனுவும் போய்விட வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரே தெருவில் இருந்தோ ஒரே மகளிர் குழுவில் இருந்தோ பத்துப் பேர் சேர்ந்து போய், சேர்ந்து உட்காருங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குறைகளை அடுக்கினால் ஐந்துக்கும் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்று சொல்வதைவிட, "கீழத்தெருக் கடைசியில் பதினான்கு வீட்டுக்குக் குழாய் இருக்கிறது, தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற பைப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வால்வு பழுதாகிக் கிடக்கிறது" என்று சொன்னால் தட்டிக்கழிப்பது கடினம். ஒருவர் பேசட்டும். அவரை மடக்கினால் அடுத்தவர் தொடரட்டும். முதல்முறை பேசுபவருக்குக் குரல் நடுங்கும். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வருகைக் கையெழுத்தை உள்ளே நுழையும்போது வாங்கிவிடுவார்கள். தீர்மானத்தை அப்புறம் எழுதுவார்கள், சில இடங்களில் கூட்டம் கலைந்த பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். நீங்கள் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறாவிட்டால் பேசாததற்குச் சமம். எழுதி, உரக்கப் படித்துக் காட்டும்வரை அங்கேயே இருங்கள். உங்கள் பத்துப் பேரில் இரண்டு பேராவது கடைசிவரை இருப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தீர்மான நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

தீர்மானத்துக்கு என்ன வலு என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பார்க்கலாம். அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது, 2024 நவம்பரில் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. சட்டமன்றத் தீர்மானமும் பெரிய போராட்டமும் பின்னால் வந்தன, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. தீர்மானம் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் வேண்டாம் என்று சொன்னது அரசுப் பதிவேட்டில் எழுத்தாக இருந்தது, அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

கணக்குப் பார்ப்பது

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டை எழுதத் தெரிந்தவருக்கு ஊராட்சிக் கணக்கும் புரியும். பணம் வரும் வழிகள் சிலதான்: ஊரில் வசூலாகிற வரியும் கட்டணமும், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், அப்புறம் தனித்தனித் திட்டங்களுக்கு வருகிற நிதி. 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிட அனுமதி தரப்பட்டது, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் இல்லை. இது தெரிந்தால் "குடிநீருக்கு நிதியே இல்லை" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் அதில் ஏற்றப்பட்ட வரவு செலவும் தெரியும். கைபேசியிலேயே பார்க்கலாம். அதில் 'பணி முடிந்தது' என்று இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். சண்டை போடப் போக வேண்டாம், எந்த வேலைக்கு எவ்வளவு ஆகிறது என்று கற்றுக்கொள்ளப் போங்கள்.

கரண்டு பில்லையும் கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து பல ஊராட்சிகளின் சொந்த வருமானத்தை விழுங்குகின்றன. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி இந்தச் செலவைத் தீர்க்க வழி தேடித்தான் 2006இல் வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. எல்லா ஊருக்கும் காற்றாலை சரிவராது. ஆனால் அந்த யோசனை பிறந்தது பில்லை உட்கார்ந்து படித்த இடத்தில்.

அக்டோபர் 2 கிராமசபையை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை தொடங்கும். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தனியாக ஒரு வறுமை ஒழிப்புத் திட்டம் தயாரித்து அதில் சேர்க்கக் கொடுக்கும். குழுவில் இருக்கிற பெண்களுக்கு இது நல்ல வாசல். ஆனால் பல ஊர்களில் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்ததில் எது திட்டத்தில் ஏறியது, எது விடுபட்டது என்று ஜனவரி 26 கூட்டத்தில் கேளுங்கள்.

போட்டியிடுவது

எந்தப் பதவிக்கு நிற்பது? புதியவர்களுக்கு நான் சொல்வது வார்டு உறுப்பினர். எல்லோரும் தலைவர் பதவியையே பார்க்கிறார்கள், வார்டு உறுப்பினரை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வாக்களிப்பது உறுப்பினர்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான், அந்தத் துணைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் தலைவரால் பணம் எடுக்க முடியாது. ஒரு ஊராட்சியில் ஐந்து முதல் பதினைந்து உறுப்பினர்கள் இருப்பார்கள். அதில் மூன்று பேர் ஒழுங்காகக் கேள்வி கேட்டாலே மன்றத்தின் போக்கு மாறும். ஏற்கெனவே சில ஆண்டுகள் ஊர் வேலை செய்து எல்லாத் தெருவிலும் அறிமுகம் உள்ளவர்கள் நேரடியாகத் தலைவருக்கு நிற்கலாம், அதில் தவறில்லை. மீதி மாவட்டங்களுக்கு 2021இல் நடந்த தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பெண்ணும் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயது மூதாட்டியும் தலைவராக வென்றார்கள். வயது ஒரு தடையே இல்லை.

21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்து அங்கே ஓட்டை மாற்றியவர்கள் ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கி இருந்தால் மனுப் பரிசீலனையில் சிக்கல் வரும். குடும்பத்தின் பாக்கி முழுவதையும் கட்டி ரசீதும் பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கி வைத்துவிடுங்கள். ஊராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருப்பவரும் அரசுச் சம்பளத்தில் இருப்பவரும் நிற்க முடியாது. உங்கள் வார்டு பெண்களுக்கா, பட்டியல் சாதியினருக்கா, பொதுவா என்பதை மாவட்ட அரசிதழ் அறிவிப்பில் பாருங்கள், டீக்கடைப் பேச்சை நம்பாதீர்கள். பெண்களுக்கான ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 50 சதவீதம். பெண்கள் பொது வார்டிலும் நிற்கலாம் என்பதைப் பெண்களிடமே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடந்த தேர்தல்களில் டெபாசிட் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000. அறிவிப்பு வரும்போது புதிய தொகை என்ன என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆட்டோ, கத்தரிக்காய், பூட்டு சாவி என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கிற பட்டியலில் இருந்துதான் கிடைக்கும். மனுவோடு சொத்து விவரமும் வழக்கு விவரமும் கொண்ட உறுதிமொழி ஆவணம் தர வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். வழக்கு இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். முன்மொழிகிறவர் கடைசி நாளில் பின்வாங்குவது அடிக்கடி நடக்கிறது. மாற்று ஆள் ஒருவரையும் தயாராக வைத்திருங்கள், கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

பணம் இல்லாதவர் எப்படி ஓட்டுக் கேட்பது? கிராம வார்டில் இருப்பது சில நூறு ஓட்டுகள். வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் வருவது சாதாரணம். சமமாக வந்தால் குலுக்கல்தான். ஆகவே போஸ்டருக்குச் செலவழிப்பதைவிட ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை நடப்பது மேல். முதல் முறை போகும்போது ஓட்டே கேட்காதீர்கள், என்ன குறை என்று கேட்டு அவர்கள் கண்முன்னே எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள், வேலைக்குப் போனவர்கள் அப்போதுதான் இருப்பார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணை வாங்கிக்கொண்டு, வாக்குப்பதிவு நாளில் ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். கிராமப்புற உள்ளாட்சித் தேர்தலில் மெஷின் கிடையாது, வாக்குச் சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை (சில சாவடிகளில் வார்டுக்கு நீலமும்). நான்கு சீட்டு கையில் வந்ததும் வயதானவர்கள் குழம்பிப்போவார்கள், ஒரே சீட்டில் இரண்டு முத்திரை குத்திச் செல்லாத ஓட்டாக்கிவிடுவார்கள். நிறத்தையும் மடிக்கும் விதத்தையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பத்து ஓட்டு வித்தியாசம் உள்ள தேர்தலில் இது பெரிய வேலை.

தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கோயில் திருப்பணிக்கு என்று பணத்தைக் காட்டி, ஒரே ஒருவரை மனுப்போட வைத்துப் போட்டியில்லாமல் ஜெயிக்க வைப்பார்கள். இது சட்டவிரோதம். மனுப்போட நினைக்கிறவரை ஊர்விலக்கம் என்று மிரட்டினால் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் ஆட்சியரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். தனி ஆளாகப் போகாமல் நான்கைந்து பேர் கையெழுத்தோடு போங்கள்.

நாற்காலியில் உட்காருவது

இதை எழுதும்போது மதுரை மாவட்டம் மேலவளவை நினைக்காமல் இருக்க முடியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996இல் இருந்து பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடவில்லை, 2006இல்தான் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராமசபையில் உட்கார்ந்தார். ஆனால் 2020இல்கூடக் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்து மன்றக் கூட்டம் நடந்த படம் வெளியானது. சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடாமல் தலைவர்களைத் தடுத்த ஊர்களும் உண்டு. 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு இதைப் பற்றி எழுத வேண்டி வந்தது.

ஆகவே ஒதுக்கீட்டு இடத்தில் வென்றவர் முதல் நாளே சில விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் நீங்கள்தான் உட்கார வேண்டும், பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும், அலுவலகச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15க்குச் சில நாள் முன்பே கொடியேற்றும் நேரத்தைக் குறிப்பிட்டு பி.டி.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாகச் சொல்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுப்பது இன்னொரு வழக்கமான முடக்கம். வாய்ப்பேச்சில் கெஞ்சிக்கொண்டிருக்காமல், எந்தப் பட்டியலுக்கு எந்தத் தேதியில் கையெழுத்துக் கேட்கப்பட்டது என்று எழுதி ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

பெண் தலைவர்களுக்கு இன்னொன்று. இணையவழியில் பணம் அனுப்ப ஓ.டி.பி. வரும் கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். கணவர் எண்ணோ மகன் எண்ணோ செயலர் எண்ணோ கூடாது. வீட்டில் நல்லெண்ணத்தோடு உதவுவார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கில் தவறு வந்தால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவில் (தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் பிரிவு) நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. பி.டி.ஓ. ஆபீஸ் கூட்டத்துக்கு நீங்களே போய் உட்காருங்கள். வீட்டுக்காரர் வரட்டும், வெளியே பெஞ்சில் இருக்கட்டும்.

முதல் சில மாதங்கள்

பொறுப்பேற்கும்போது ஊராட்சியின் சொத்துகளைப் பட்டியல் போட்டு, நேரில் பார்த்துக் கையெழுத்திடுங்கள்: மோட்டார் எத்தனை, அதில் ஓடுவது எத்தனை, தெருவிளக்கு எத்தனை, குப்பை வண்டி எங்கே நிற்கிறது. வங்கிப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி வாரியாகப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரோடும் தூய்மைக் காவலர்களோடும் ஒரு காலை முழுக்க ஊரைச் சுற்றி வாருங்கள். ஊரில் எங்கே குழாய் உடைந்திருக்கிறது, எந்தத் தெருவுக்கு யார் சொல்லித் தண்ணீர் நிறுத்தப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

செயலரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவரையே நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. புரியாத தாளை "நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரவில் யாரிடமாவது படித்துக் கேளுங்கள். அதிகாரிகள் போனில் சொல்வதை "நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறோம்" என்று ஒரு கடிதமாகத் திருப்பி அனுப்புங்கள். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனத்தின் மூலம் நடக்கும் பயிற்சிகளைத் தவறவிடாதீர்கள். வகுப்பில் சொல்வது பாதி என்றால், மற்ற ஒன்றியத்துத் தலைவர்களோடு சாப்பாட்டு நேரத்தில் பேசித் தெரிந்துகொள்வது மீதி.

மக்கள் தன் பக்கம் இல்லாத தலைவரைத்தான் எளிதில் அசைக்க முடிகிறது. ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டு ஊர் திரும்பிய வேதிப் பொறியாளர் இளங்கோ, 1996இல் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். மதிப்பீட்டில் சொன்னபடி இல்லாமல் உள்ளூர்ப் பொருளை வைத்துக் கால்வாய் கட்டினார் என்று இடைநீக்கம் செய்யப்பட்டபோது, கிராமசபை கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு செலவையும் சபையில் சொல்லி வந்ததால்தான் ஊர் அன்றைக்கு வந்து நின்றது.

அதனால் கிராமசபை நாட்களுக்கு மட்டும் காத்திருக்காமல் காலனியில் ஒருநாள், ஊர்த்தெருவில் ஒருநாள், மலையடிவாரக் குடியிருப்பில் ஒருநாள் என்று மாலையில் கூட்டம் போடுங்கள். காலனி மக்களை ஊர்க் கோயில் வாசலுக்கு வரச்சொன்னால் வர மாட்டார்கள், வந்தாலும் பேச மாட்டார்கள். கூட்ட இடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டப்பொருளை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். வீல்சேர் ஏறுகிற இடமாகப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது; உங்கள் ஊரில் இதற்கு விருப்பமுள்ளவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள்.

தோற்றால்

முதல் முறை நிற்பவர்களில் பலர் தோற்பார்கள். எழுதி வைத்த குறைப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது, வார்டில் எல்லா வீடும் தெரியும். அடுத்த கிராமசபைக்கு அந்தப் பட்டியலோடு போய் முதல் குறையை மனுவாகக் கொடுங்கள். வென்றவர் எதிரி முகாமாக இருந்தாலும், அவர் அதைச் செய்தால் சபையிலேயே நன்றி சொல்லுங்கள். தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வெளியான 30 நாளுக்குள் ஒப்படைத்துவிடுங்கள். தோற்றவர்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கணக்குக் கொடுக்காதவரை ஆணையம் மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதியில்லாதவராக அறிவிக்க முடியும்.